பழிச்சொல்லே முதற் குண்டு!

துமுக்கியிலிருந்து குண்டு புறப்படுவதற்கு முன்னரே நாவிலிருந்து ஒரு குண்டு புறப்பட்டு விடுகின்றது. ஓர் உயிரினத்தை அழிக்கக் கருதுவோர் முதற்கண் அதற்கு ஒரு பழிப்பெயரைச் சூட்டுகின்றனர். 'தீயது' என்பர், 'திருடன்' என்பர், 'பயனற்றது' என்பர், 'பெருகிவிட்டது' என்பர். அப் பெயர் ஊரார் வாயில் நிலைத்துவிட்டதோ, அதன்பின் கொலை குற்றமாகத் தோன்றாது, கடமையாகவே தோன்றும். கொல்பவன் நாணமாட்டான், பார்ப்பவன் தடுக்கமாட்டான், ஆள்பவனோ கொன்றவனுக்குப் பரிசும் கொடுப்பான்.

இது வெறும் சொல்லடுக்கன்று. வட அமெரிக்காவில் ஒரு மலைமுகட்டின்மேல், இலையுதிர் காலத்தில் தென்றிசை நோக்கிப் பறந்த பருந்துகளுக்கும் வல்லூறுகளுக்கும் கழுகுகளுக்கும் நேர்ந்தது இதுவே. பழிச்சொல்லால் அங்குக் கொலை தொடங்கிற்று. ஒரு பெண்ணின் உறுதியால் அக்கொலை நின்றது. கொலை நின்ற இடத்தில் தொடங்கிய எண்ணிக்கை, பின்னாளில் ஒரு நாட்டையே பற்றியிருந்த நஞ்சைக் காட்டிக் கொடுத்தது. இம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம். 'எங்கோ பறக்கும் பறவைக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று கேட்பார்க்கும் இதிலேயே விடை உண்டு.

காற்று வகுத்த நெடுவழி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலைத்தொடரின் ஒரு கூறாக, 'கிட்டட்டின்னி' என்னும் நெடிய மலைவரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் முகடுகளுள் ஒன்றற்குப் 'பருந்துமலை' என்று பெயர். ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில், மணற்கற் பாறைகள் குவிந்து கிடக்கும் அம் முகட்டில் நின்று நோக்கினால் பள்ளத்தாக்குகளும் மலைவரைகளும் அலையலையாய்த் தோன்றும்.

இலையுதிர் காலம் பிறந்து வடபுலத்தில் குளிர் மிகத் தொடங்கியதும், கொன்றுண்ணும் பறவைகள் இரை கிடைக்கும் தென்புலம் நோக்கிப் புறப்படுகின்றன. நெடுந்தொலைவு செல்ல வேண்டிய அவை ஓயாது சிறகடித்துச் சென்றால் களைத்து வீழும். ஆகலின் அவை காற்றையே ஊர்தியாகக் கொள்கின்றன. வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காற்று மலைவரையில் மோதி, செல்ல வழியின்றி மேனோக்கி எழுகின்றது. அவ்வெழுச்சியில் சிறகை விரித்துக் கிடந்தாலே போதும். பறவை கல்கல்லாகத் தொலைவைக் கடந்து விடும். வெயில் நாள்களில் நிலம் சூடேறி, வெங்காற்று தூண்போல் எழும். அத் தூணுக்குள் சுழன்று சுழன்று உயர ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி அடுத்த தூணை அடைவது மற்றொரு முறை. செப்தம்பர் இடையில் அகன்சிறைப் பருந்துகள் நூற்றுக்கணக்கில் ஒரே சுழலாகத் திரண்டு ஏறும் காட்சியை, கொதிக்கும் கலத்துக்குள் நீர் சுழல்வதற்கு அந்நாட்டார் ஒப்பிடுவர். அவை நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் நோக்கிச் செல்வன. அக்தோபரில் சிறிய வல்லூறுகள் விரைந்தோடும். அக்தோபர் இறுதியிலும் நவம்பரிலும் செவ்வால் பருந்துகளும் பொன்னிறக் கழுகுகளும் கடக்கும். இந் நாளில் ஓர் இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 18,000 பறவைகள் அம் முகட்டருகே எண்ணப்படுகின்றன.

காற்று வகுத்துக் கொடுத்த இவ்வழியில் ஓர் இடர் உண்டு. மலைவரையின் காற்றெழுச்சியைப் பற்றிச் செல்லும் பறவை முகட்டை ஒட்டித் தாழ்வாகவே பறக்கும்; சில பொழுது கண்மட்டத்திலும், சில பொழுது காலடிக்குக் கீழேயும் பறக்கும். காண்பார்க்கு அது பெரும்பேறு. கொல்வார்க்கோ அதனினும் எளிய குறி வேறில்லை.

ஐந்து தாலர் அறம்

1929-இல் பென்சில்வேனியாவின் வேட்டைத்துறை ஆணையம், 'கோசாக்' என்று அந்நாட்டார் வழங்கும் பெருவல்லூற்றின் தலைக்கு ஐந்து தாலர் விலை வைத்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பொருளியல் சரிந்து, மக்கள் வேலையிழந்து வாடத் தொடங்கினர். அக்காலத்தில் ஐந்து தாலர் எளிய தொகையன்று. விலை வைத்ததற்கு அவர்கள் சொன்ன ஏது என்ன? 'பெருவல்லூறு காட்டுக்கோழிகளையும் முயல்களையும் கொல்கின்றது' என்பதே. அக்கோழிகளையும் முயல்களையும் அவர்கள் காக்க விரும்பியது எதற்காக? தாங்கள் கொல்வதற்காக! வேட்டையாடுவோன் தன் குறியைப் பகிர்ந்து கொண்ட பறவைக்குத் 'திருடன்' என்று பெயரிட்டான். திருடப்பட்ட பொருள் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

விலை ஒரு பறவைக்குத்தான் வைக்கப்பட்டது. ஆனால் குண்டு பாய்ந்தது எல்லாப் பறவைகள் மீதும். மலைமேல் துமுக்கியுடன் நின்றவர்க்கு வல்லூற்றுக்கும் பருந்துக்கும் வேறுபாடு தெரியாது. தெரிந்து கொள்ள விரும்பியதுமில்லை. வளைந்த அலகும் கூரிய உகிரும் உடையன யாவும் 'தீயன' என்பதே அவர்தம் பறவைநூல். பெருவல்லூறு அம்மலையைக் கடப்பது பெரும்பாலும் பருவத்தின் பிற்பகுதியில். அதுவும் மிகச் சிலவே. அதற்கு முன்னரே கடந்த அகன்சிறைப் பருந்துகளும், கூரலகு வல்லூறுகளும், மீனன்றி வேறெதனையும் நாடாத விராலடிப்பான்களும் வீழ்த்தப்பட்டன. ஒரு காசும் பெறாத கொலைகளே அங்கு மிகுதி! ஓய்வுநாள் தோறும் உந்துகளில் வந்து, பாறைமேல் அமர்ந்து, பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினர். சிறகொடிந்து வீழ்ந்தவை பாறையிடுக்குகளில் நாள்கணக்கில் உயிரோடு கிடந்து மாண்டன.

1932-இன் இலையுதிர் காலத்தில் இரிச்சர்டு போ என்னும் இளைஞர் அம்மலையேறி இக் கொடுமையைக் கண்டார். வீழ்ந்து கிடந்த உடல்களைத் திரட்டி, காட்டுத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கி, ஒளிப்படம் எடுத்தார். அப் படங்கள் இன்றும் உள்ளன. மறுப்பார்க்கு அவை போதும்.

அவர்தம் வழக்குரைகளும் அவற்றின் வெறுமையும்

கொலைக்குச் சார்பாகக் கூறப்பட்டவை மூன்று. அவற்றைத் தனித்தனியே எடுத்து நோக்குவோம்.

'உழவரின் கோழிகளை இப் பறவைகள் அழிக்கின்றன' என்பது முதலாவது. இதனைப் பொய்யென்று காட்டியவர் பறவைப் பற்றாளர் எவருமல்லர்; அமெரிக்க அரசின் வேளாண்துறையே காட்டிவிட்டது. அத்துறையைச் சார்ந்த பிசர் என்னும் அறிஞர், ஆயிரக்கணக்கான பருந்து, ஆந்தைகளின் இரைப்பைகளை அறுத்து ஆய்ந்து, 1893-இலேயே பெரியதோர் அறிக்கை வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலான இனங்கள் எலிகளையும் பூச்சிகளையும் தின்று உழவர்க்கு உதவுவனவே என்று அவ்வறிக்கை நிறுவிற்று. ஐந்து தாலர் விலை வைக்கப்பட்டது அதற்கு 36 ஆண்டுகள் கழித்து! அறிவு இல்லாமையால் நேர்ந்த கொலையன்று இது. அறிவைப் பேழையில் பூட்டி வைத்துவிட்டுச் செய்த கொலை.

'எல்லாவற்றையும் நாங்கள் கொல்லச் சொல்லவில்லை. தீய இனங்கள் சிலவற்றையே சொன்னோம்' என்பது இரண்டாவது. பிசரும் தம் அறிக்கையில் பெருவல்லூறு முதலிய சிலவற்றைத் தீயனவாகவே ஒதுக்கியிருந்தார். அவ்வளவு பெரிய ஆய்விலும் மிச்சமாய் நின்ற அச்சிறு பழிச்சொல்லின் பொந்து வழியாகத்தான் கொலை முழுவதும் உள்ளே நுழைந்தது. 'நல்ல பறவை, தீய பறவை' என்னும் பாகுபாடு ஏட்டில் இருக்கும். துமுக்கிக்கு அது தெரியாது. மேலும், இரையைப் பற்றும் பறவை தன் இயல்பைச் செய்கின்றதேயன்றித் தீமை செய்வதில்லை. நோயுற்றதையும் மெலிந்ததையும் முதலிற் பற்றுவதால் அது இரையினத்துக்கும் காவலே ஆகின்றது. தன் தட்டில் ஊனை வைத்துக் கொண்டு பருந்தைப் பார்த்துக் 'கொலைகாரப் பறவை' என்று சொல்ல மாந்தனுக்கு வாய் எவ்வாறு எழுகின்றது?

'இவை எண்ணற்றன, சில ஆயிரம் போனால் குறையா' என்பது மூன்றாவது. எண்ணாமலே 'எண்ணற்றன' என்பதைப் போன்ற நகைப்புக்குரிய கூற்று வேறு உண்டா? அமெரிக்காவின் வழிப்போக்குப் புறாவும் எண்ணற்றதாகவே இருந்தது. வானை மறைத்துப் பறந்த அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாத்தி நகரத்து விலங்குக்காட்சியகத்தில் மாண்டது. எண்ணற்றன என்ற சொல்லுக்கும் ஒன்றுமில்லை என்ற சொல்லுக்கும் இடையே ஒரு மாந்தனின் வாழ்நாள் அளவே இருந்தது.

சட்டமோவெனில், பழிச்சொல்லுக்குப் பணிந்தே நின்றது. வலசை போகும் பறவைகளைக் காக்க 1918-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று. வாத்துக்கும் வானம்பாடிக்கும் இடம் தந்த அச் சட்டத்தில் பருந்துக்கும் வல்லூற்றுக்கும் இடமில்லை! அவையும் வலசை போகின்றனவே. அவையும் பறவைகள் தாமே! ஆயினும், 'கொன்றுண்பன' என்னும் முத்திரை அவற்றைச் சட்டத்துக்குப் புறத்தே தள்ளிற்று. அக்குறை நீங்கி அவை அச்சட்டத்துள் சேர்க்கப்பட்டது 1972-இல் தான். 54 ஆண்டுகள்! ஒரு பழிப்பெயரைத் துடைக்க அரை நூற்றாண்டு போதவில்லை.

பெருங்கழகங்கள் உறங்கின, ஒரு சிறுசுவடி விழித்தது

அந்நாளில் அமெரிக்காவில் பறவைக் காப்புக்கென்றே பெரிய கழகங்கள் இல்லாமலில்லை. அவற்றுள் தலையாயது 'ஆடுபன் கழகங்களின் நாட்டு இணையம்' என்பது. அதற்குப் பணமிருந்தது, பெயரிருந்தது, செல்வர் பலர் ஆட்சிக்குழுவில் இருந்தனர். இல்லாதது ஒன்றே: துணிவு. வேட்டையாளரையும் துமுக்கி வணிகரையும் பகைத்துக் கொள்ள அது விரும்பவில்லை. அதன் பொறுப்பிலிருந்த இலூசியானா மாநிலக் காப்பகம் ஒன்றிலேயே, கண்ணி வைத்து நீரெலிகளைப் பிடித்து அவற்றின் தோலை விற்று வருவாய் ஈட்டியது அம்பலமாயிற்று. காப்பகத்தில் கண்ணி! இதற்குமேல் சொல்ல என்ன இருக்கின்றது?

அதனை அம்பலப்படுத்தியவர் உரோசலி எட்சு அம்மையார். 1877-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த போராட்டத்தில் பயின்றவர். 1929-இல் பாரிசு நகரில் தங்கியிருந்தபோது அவர் கைக்கு ஒரு சிறுசுவடி வந்தது. பறவைக் காப்புக் கழகங்களின் வாய்மூடித்தனத்தைக் கடிந்து அறிஞர் மூவர் எழுதியது அது. சில பக்கங்களே கொண்ட அத்தாள், 50 அகவையைக் கடந்த அப்பெண்மணியின் வாழ்வையே திருப்பிவிட்டது. நாடு திரும்பியதும் இணையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, அச் சுவடியின் குற்றச்சாட்டுகளுக்கு விடை என்ன என்று கேட்டார். விடை வரவில்லை, சீற்றமே வந்தது. அவர் பின்வாங்கவில்லை. 'நெருக்கடிக்காலக் காப்புக் குழு' ஒன்றை நிறுவி, சுவடிமேற் சுவடியாக எழுதி நாடெங்கும் பரப்பினார்.

சிறுசுவடிகளை இகழ்ந்து பேசும் பெரியோர் இதனை நினைவிற் கொள்க. மாளிகையிற் கூடி முடிவெழுதும் பெருங்கழகம் செய்யாததை, அஞ்சாது எழுதப்பட்ட சில தாள்கள் செய்தன. காப்புக்கு வேண்டியது கட்டடம் அன்று. மெய்யை மெய்யென்று சொல்லும் நாவே.

எட்சு அம்மையாரின் கொள்கை மற்றவரினும் ஒருபடி மேற்சென்றது. ஓர் இனம் அருகிப் போன பின்பு அழுது காப்பதன்று காப்பு. அது மலிந்திருக்கும் போதே காப்பதுதான் காப்பு என்பது அவர் கருத்து. நல்லது, தீயது என்று பிரித்துச் சிலவற்றைக் கைவிடுவதையும் அவர் ஏற்கவில்லை. பழிச்சொல்லின் பொந்தை முற்றிலும் அடைத்த கொள்கை இது.

வாயிலில் நின்ற பெண்

பருந்துமலைக் கொலைப்படங்களைப் பற்றி அறிந்த எட்சு அம்மையார், அம்மலையை வாங்கிக் காக்குமாறு மற்றவர்களைத் தூண்டிப் பார்த்தார். பேசியவர் பலர்; செய்தவர் இலர். 1934-இல் அவரே சென்று ஏறத்தாழ 1,400 ஏக்கர் அளவுள்ள அம்மலைப்பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார். எவ்வளவு எளிய வழி, பாருங்கள்! அரசு சட்டம் இயற்றவில்லை, ஆணையம் மனம் மாறவில்லை, வேட்டையாளர் திருந்தவில்லை. ஆனால் நிலம் ஒருவரின் பொறுப்பில் வந்ததும், அங்கே நுழைந்து சுட எவருக்கும் உரிமையில்லாமற் போயிற்று. கொன்றுண்ணும் பறவைகளுக்கென்று உலகில் ஏற்பட்ட முதற் புகலிடம் அதுவே.

காவலுக்கு மாரிசு புரூன் என்னும் இளம் பறவையறிஞரும் அவர் துணைவியார் இர்மாவும் அமர்த்தப்பட்டனர். மலையடிச் சாலையில், காப்பகத்தின் வாயிலில் இர்மா நின்றார். துமுக்கியோடு வந்தவர்களை, கையில் எப்படைக்கலமும் இன்றித் தடுத்துத் திருப்பி அனுப்பினார். 'எங்கள் தந்தையர் சுட்ட மலை. எங்களைத் தடுக்க நீ யார்?' என்னும் போக்கில் வந்தவர்களின் சினத்தையும் சிறுசொல்லையும் நாள்தோறும் தாங்கினார். அவர் அசையவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே அம்முகட்டில் கொலை நின்றது. பல ஆண்டுகளாக நடந்த கொடுமை, மெய்யாகவே தடுக்க ஒருவர் வந்து நின்ற அளவில் நின்று போயிற்று! அதுகாறும் நடந்ததற்குக் கொல்வாரின் வலிமை ஏதுவன்று. தடுப்பாரின் இன்மையே ஏது. 1938-இல் அந்நிலம் விலைக்கு வாங்கப்பட்டு, அதற்கென அமைந்த கழகத்தின் பொறுப்பில் நிலையாக ஒப்படைக்கப் பெற்றது.

எண்ணிக்கை காட்டிக் கொடுத்த நஞ்சு

கீழே இர்மா வாயிலைக் காத்த அதே நாள்களில், மேலே புரூன் பாறைமேல் அமர்ந்து கடந்து செல்லும் பறவைகளை இனம் பிரித்து எண்ணிக் குறித்தார். 1934-இல் தொடங்கிய அவ் எண்ணிக்கை, இரண்டாம் உலகப் போரின்போது நேர்ந்த சிறிய இடைவெளியைத் தவிர, இன்றளவும் ஓயவில்லை. கொன்றுண்ணும் பறவைகளின் வலசையைப் பற்றி இத்துணை நீண்ட கணக்கு உலகில் வேறெங்கும் இல்லை.

'மலைமேல் உட்கார்ந்து பருந்தை எண்ணுவது வேலையற்றோர் வேலை' என்று நகைப்பார்க்கு இனி வருவதே விடை.

போர் முடிந்தபின் 'டி.டி.டி.' என்னும் பூச்சிக்கொல்லி வயல்களிலும் காடுகளிலும் ஊர்களிலும் மழைபோல் தெளிக்கப்பட்டது. அதனைச் செய்து விற்ற ஆலைகள் 'தீங்கற்றது' என்றன. அரசுத் துறைகளும் ஆமென்றன. அந்நஞ்சு நீரிற் கலந்து, நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து கழுகுக்குமாகப் படிப்படியாய்ச் செறிந்தது. நஞ்சேறிய பறவையிட்ட முட்டையின் ஓடு மெலிந்தது. அடைகாக்கும் தாயின் எடையாலேயே முட்டை நொறுங்கிற்று. வளர்ந்த கழுகுகள் பறந்து கொண்டுதான் இருந்தன. பார்த்தவர்க்குக் குறையொன்றும் தோன்றவில்லை. எண்ணியவர்க்கே தோன்றிற்று!

பருந்துமலையில் 1935 முதல் 1939 வரை காணப்பட்ட வெண்டலைக் கழுகுகளுள் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை காணப்பட்டவற்றுள் இளையன நூற்றுக்கு 20 மட்டுமே. 1957-இலோ, 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஓர் இளங்கழுகு! இல்லங்களில் முதியோர் மட்டும் இருந்து குழந்தைகளே இல்லையாயின் அவ்வூர் என்னாகும்? அவ்வாறே ஆகிக் கொண்டிருந்தது அவ்வினம். இரேச்சல் கார்சன் என்னும் அறிவியல் எழுத்தாளர் 1962-இல் வெளியிட்ட 'ஒலியடங்கிய இளவேனில்' என்னும் நூலில் இக் கணக்கைச் சான்றாக எடுத்து வைத்தார். ஆலை முதலாளிகள் அவர்மேல் பாய்ந்தனர். 'உணர்ச்சிவயப்பட்ட பெண்' என்று அவருக்கும் ஒரு பழிப்பெயர் சூட்டப்பட்டது. பறவைக்குச் செய்ததை அப் பறவைக்காகப் பேசியவருக்கும் செய்தனர்! ஆனால் எண்களைத் திட்டி வீழ்த்த முடியாது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. 1963-இல் அலாசுக்கா நீங்கலான பெருநிலப் பகுதியில் கூடுகட்டும் வெண்டலைக் கழுகுகள் 417 இணைகளே எஞ்சியிருந்தன. பின்னர் அவை பல்லாயிரமாகப் பெருகி, 2007-இல் அழிவுநிலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன.

ஐந்து தாலருக்கு விற்கப்பட்ட பறவைகளே அந்நாட்டு மக்களுக்கு அவர்தம் நீரிலும் நிலத்திலும் ஏறியிருந்த நஞ்சை அறிவித்தன. அவற்றை 1929-இன் கணக்கில் முற்றும் கொன்றிருந்தால், அறிவிக்க எவை இருந்திருக்கும்?

நாகர் மலையில் நடந்தது

இதனை அயல்நாட்டுப் பழங்கதையென்று ஒதுக்குவார் நாகாலாந்தை நோக்குக. சைபீரியாவின் தென்கிழக்கிலும் வடகிழக்குச் சீனத்திலும் குஞ்சு பொரிக்கும் அமூர் வல்லூறு, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலின் மேல் பறந்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியை அடைகின்றது. உள்ளங்கையில் அடங்கும் அளவினதாகிய அது பறக்கும் தொலைவை எண்ணினால் நெஞ்சு நடுங்கும். வழியில் அது இளைப்பாறுமிடம் நாகாலாந்தின் தோயாங்கு நீர்த்தேக்கம். 2012-இல் அங்கு மீன்வலைகளை மரங்களிடையே கட்டி, ஓர் இலக்கத்துக்கும் மேற்பட்ட பறவைகள் பிடித்துக் கொல்லப்பட்டன என்று மதிப்பிடப்பட்டது.

செய்தி பரவியதும், 'காட்டுமக்கள் அப்படித்தான்' என்று நாகரைப் பழித்தவர் பலர். மீண்டும் ஒரு பழிச்சொல்! பென்சில்வேனியாவில் உந்தில் வந்து பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் காட்டுமக்களா? நாகர் விற்றது வயிற்றுக்காக. அதனை நிறுத்தியவர்களும் அவர்களே. ஊர்மன்றங்கள் கூடித் தடை விதித்தன; பிடித்தவர்களே காவலராயினர்; 2013-இன் பருவத்தில் அங்கே வலை கட்டப்படவில்லை. அவ்வாண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு விடுக்கப்பட்ட மூன்று வல்லூறுகளுக்கு அவ்வூர்ப்புறத்துப் பெயர்களையே இட்டனர்: நாகா, வோக்கா, பாங்தி. கொல்வதற்கு இருந்த பறவை, ஊர்ப்பெயரைத் தாங்கியதும் ஊர்ப்பிள்ளை ஆயிற்று. பழிப்பெயர் கொல்லும், நற்பெயர் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் நிலத்தில் நாம் இட்ட பழிப்பெயர்கள்

தமிழீர்! கூதிர்க்காலம் தொடங்கியதும் நம் நாட்டுக்கும் விருந்தினர் வருகின்றனர். ஏரிகளின்மேல் விராலடிப்பான் வட்டமிடுகின்றது. நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து புறப்பட்ட பூனைப்பருந்துகள் நம் வறண்ட புல்நிலங்களில் தாழப் பறந்து, வெட்டுக்கிளியையும் எலியையும் பற்றுகின்றன. இரவில் மரத்திற் சேராது புல்லிடையே தரையிலேயே துயில்கின்றன. அந்நிலத்துக்கு நாம் என்ன பெயர் இட்டுள்ளோம்? 'தரிசு!' அரசின் ஏடுகளில் அது 'வீண்நிலம்'. ஆட்டுமந்தை மேய்வதும், முயல் பதுங்குவதும், பல்லாயிரங்கல் கடந்து வந்த பருந்து உறங்குவதும் ஆகிய நிலம் வீணாம்! அப்பெயர் விழுந்த அன்றே அந்நிலத்தின்மேல் முதற் குண்டு பாய்ந்துவிட்டது. பின்னர் அதனைத் தொழிற்பேட்டைக்குக் கொடுப்பதும், ஒவ்வாத மரங்களை நட்டுப் 'பசுமை' என்பதும் எளிதாகி விடுகின்றன. காடு வெட்டப்பட்டால் அழ நால்வராவது உளர். புல்வெளி அழிந்தால் அழ ஒருவரும் இலர்.

பாறு என்னும் பறவையையும் எண்ணிப் பார்மின்! நம் பழம்பாடல்கள் பாறு என்றும், எருவை என்றும், பருந்து என்றும், கழுகு என்றும் இனம் பிரித்துப் பெயர் சொல்லின. நாமோ அவ்வளவையும் மறந்து, 'பிணந்தின்னி' என்னும் இழிசொல்லால் அதனைச் சுட்டினோம். இறந்த விலங்கை உண்டு நோய் பரவாது காத்த அத் தோட்டிப் பறவை, கால்நடைகளுக்கு ஊசிவழி ஏற்றப்பட்ட 'டைக்குளோபினாக்கு' என்னும் மருந்தால், 1990-களிலிருந்து இந்தியாவெங்கும் மாண்டு, வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. அம்மருந்தைக் கால்நடைக்குத் தருவது தடைசெய்யப்பட்டது 2006-இல். அதற்குள் வானம் வெறுமையாகி விட்டது. இன்று தமிழகத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கை அண்டி எஞ்சியிருப்பன ஒரு சிலவே. அழகிய பெயரொன்று அதற்கு நம் வாயில் நிலைத்திருந்தால், அது மறைவதை இன்னும் முன்னரே நாம் அறிந்திருக்க மாட்டோமா?

ஆகலின், செய்ய வேண்டியன மூன்று. முதலாவது, உங்கள் ஊர்ப்புறத்தில் பறக்கும் பறவைகளின் பெயர்களைப் பெரியோரிடமும் இருளரிடமும் ஆட்டிடையரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். பெயரிழந்த பறவை பாதி இறந்த பறவை. இரண்டாவது, கூதிர் தோறும் ஒரே குன்றிலோ ஒரே ஏரிக்கரையிலோ நின்று, எந்நாளில் எப்பறவை எத்தனை வந்தது என்று குறியுங்கள். ஓராண்டுக் கணக்கால் பயனில்லை. பத்தாண்டுக் கணக்கோ ஒரு படைக்கலம். மூன்றாவது, உங்கள் ஊர்ப் புல்நிலத்தைத் 'தரிசு' என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லை அங்கேயே மறுத்து நிறுத்துங்கள். 'மேய்ச்சல் நிலம்' என்று சொல்லுங்கள். 'பருந்து துயிலும் நிலம்' என்று சொல்லுங்கள். எழுத்தாலும் எழுதிக் கொடுங்கள்.

பருந்துமலையில் கொலையை நிறுத்தியது ஒரு படையன்று. ஒரு சுவடியும், ஒரு குத்தகைத் தாளும், வாயிலில் அசையாது நின்ற ஒரு பெண்ணுமே. நஞ்சைக் கண்டறிய உதவியது பெருஞ்செல்வமன்று. பாறைமேல் அமர்ந்து எண்ணிய கண்களே. அவை நம்மிடம் இல்லையா? உள்ளன. இல்லாதது எழுந்து நிற்கும் எண்ணமே.

எழுமின்! குன்றேறுமின்! எண்ணுமின்! பழிச்சொல் பாயுமுன் நற்சொல் பாயட்டும்!